ஞாயிற்றுக்கிழமைக் கறியும் நகராட்சி முத்திரையும்



சென்ற மாதக் கூட்டத்தில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது தண்ணீரும் இல்லை, தெருவிளக்கும் இல்லை. கோழிக் கழிவு. இரவோடு இரவாக யாரோ காலி மனையில் மூட்டையைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். காலையில் நாய்கள் அதை இழுத்துக்கொண்டு வந்து நம் வாசலில் போடுகின்றன. பேச்சு கழிவில் தொடங்கி, கறி எங்கே அறுபடுகிறது, யார் பார்த்து அனுப்புகிறார்கள் என்பது வரை போனது. பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "இதையெல்லாம் பார்க்கறதுக்கு ஒரு ஆபீசரும் இல்லீங்களா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

ஆபீசர் இருக்கிறார்கள். ஒருவர் அல்ல, நான்கு துறைகளில் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் அந்தப் பெரியவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஏன் நியாயம் என்று பார்க்கப் போனால் நூற்றைம்பது வருடக் கதை ஒன்று இருக்கிறது. அதில் நம் சத்தி ரோட்டுக்கும் பங்கு உண்டு.

முதலில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வரிசையில் நிற்கும்போது, தொங்குகிற ஆட்டின் மேல் மாநகராட்சி முத்திரை இருக்கிறதா என்று எப்போதாவது பார்த்ததுண்டா? நாம் பார்ப்பதெல்லாம் வேறு. ஆடு இளசா, கொழுப்பு அதிகமா, எலும்பாகப் போட்டுத் தள்ளுகிறாரா, தராசில் கை படுகிறதா. இதெல்லாம் தேவைதான். ஆனால் முத்திரை சொல்லும் செய்தியை நம் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அந்த ஆடு உயிரோடு நின்றபோது கால்நடை மருத்துவர் ஒருவர் அதைப் பார்த்தார். அறுத்துத் திறந்த பிறகு ஈரலையும் நுரையீரலையும் மறுபடி பார்த்தார். இந்த இரண்டு பார்வைக்கும் சாட்சிதான் முத்திரை.

இந்த யோசனை வெள்ளைக்காரன் கொண்டு வந்தது என்று நினைக்க வேண்டாம். அர்த்தசாஸ்திரத்தில் கொலைக்களத்துக்கென்று ஒரு தனி அதிகாரி உண்டு. அப்போதுதான் அறுத்த புதுக்கறியைத்தான் விற்க வேண்டும். எடை குறைந்தால் குறைந்ததைப் போல எட்டு மடங்கு கொடுக்க வேண்டும். தானாகச் செத்த மிருகத்தின் கறி, அழுகிய கறி, தலையும் காலும் இல்லாத கறி, கொலைக்களத்துக்கு வெளியே அறுத்த கறி ஆகியவற்றை விற்கக் கூடாது. மீறினால் 12 பணம் அபராதம். தலையில்லாத கறிக்கு ஏன் தடை? எந்த மிருகம் என்று அடையாளம் தெரியாமல் போய்விடும் என்பதால் இருக்கும் என்று நினைக்கிறேன். 'வெளியே அறுத்த கறி கூடாது' என்ற அந்த ஒரு விதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வந்த ஒவ்வொரு சட்டத்திலும் அது திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு காலத்திலும் மீறப்பட்டதும் அதுதான்.

நம் காலத்துக்கு நெருங்கி வருவோம். 1857 கலகத்துக்குப் பிறகு, இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் உடல்நிலையைப் பற்றி விசாரிக்க ஒரு ராயல் கமிஷன் போட்டார்கள். 1863-ல் வந்த அதன் அறிக்கையில் ஒரு கணக்கு எல்லோரையும் உலுக்கியது. ஆண்டுக்கு ஆயிரம் சிப்பாய்களில் 69 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். சண்டையில் இறந்தவர்கள் கொஞ்சம்தான். பெரும்பாலானோரைக் கொண்டுபோனது காய்ச்சலும் பேதியும் காலராவும். அந்தக் கணக்குகளை உட்கார்ந்து அலசி, சாக்கடை, குடிநீர், பாளையத்துக் கடைவீதி என்று குறை எழுதியவர்களில் முக்கியமானவர் இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வராத புளோரன்ஸ் நைட்டிங்கேல். இதன் விளைவாக 1864-ல் சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் கமிஷன் அமைந்தது.

அதாவது, நம் நாட்டில் நவீன காலத்துச் சுகாதாரக் கண் முதலில் திறந்தது சிப்பாயின் தட்டைப் பார்த்து. பாளையத்துக்குள் விற்கும் கறிக்கும் பாலுக்கும் கட்டுப்பாடு வந்தது. பிறகு அது நகரத்துக்கு வந்தது. கிராமத்துக்கு வர மிகவும் தாமதமானது. இந்த வரிசையைக் கவனியுங்கள். சோதனை எப்போதும் எங்கே போனது என்றால், வாங்குகிறவன் குரல் பலமாக இருந்த இடத்துக்குத்தான் போனது.

பெரிய நகரங்களில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லண்டனில் நடு ஊரில் இருந்த ஸ்மித்ஃபீல்ட் மாட்டுச் சந்தையை 1855-ல் ஊருக்கு வெளியே மாற்றினார்கள். பம்பாயில் ஆர்தர் கிராஃபோர்டு என்ற முனிசிபல் கமிஷனர், ஊருக்குள் இருந்த அறுவைமனைகளை மூடி பாந்த்ராவுக்கு அனுப்பினார். கூரை போட்ட பெரிய மார்க்கெட்டும் கட்டினார். 1869-ல் முடிந்த அந்தக் கட்டடத்தை இன்றும் கிராஃபோர்டு மார்க்கெட் என்றுதான் சொல்கிறார்கள். சென்னையில் பிராட்வே பக்கம் நெரிசலாகக் கிடந்த பாப்பம் மார்க்கெட் வியாபாரிகளுக்காக, மாநகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூர் காலத்தில், 1898-ல் அடிக்கல் போட்டு 1900-ல் திறந்ததுதான் மூர் மார்க்கெட். நம்மில் பலருக்கு அது பழைய புத்தகக் கடைகளாலும் 1985 தீ விபத்தாலும்தான் நினைவிருக்கும். அதன் தொடக்கம் ஊர்ச் சுகாதாரம்.

கோவை நகராட்சி 1866-ல் அமைந்தது. முதல் தலைவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பேர் கொடுத்த அதே ஸ்டேன்ஸ். நகராட்சிகளுக்கான சென்னை மாகாணச் சட்டம் 1884-ல் வந்தது. அதைத் திருத்தி எழுதிய சட்டம் 1920-ல் வந்தது. 1920 சட்டத்தைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். மிருகம், கறி, மீன், பழம், காய்கறி, தானியம், மாவு, பால், நெய், வெண்ணெய், எண்ணெய் என்று வரிசையாகச் சொல்லி, விற்பனைக்கு வைத்திருக்கும் எதையும் இடைவிடாமல் கண்காணிப்பது நகராட்சி நிர்வாகத்தின் கடமை என்கிறது. நகராட்சி போதுமான எண்ணிக்கையில் பொது அறுவைமனை கட்ட வேண்டும். அதற்கு வெளியே அறுக்கக் கூடாது. மத விழாக்களுக்கு மட்டும் அனுமதி பெற்று விலக்கு. கெட்டுப்போன பொருளைக் கைப்பற்றும்போது கடைக்காரர், "இது விற்க வைத்ததில்லீங்க" என்றால், அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவருடையது. அந்தச் சால்ஜாப்பு அன்றைக்கே எவ்வளவு சகஜமாக இருந்திருந்தால் சட்டத்திலேயே எழுதி வைத்திருப்பார்கள், பாருங்கள்.

கடமை எழுதியாயிற்று. பிறகு ஏன் நடக்கவில்லை? ஆள் பற்றாக்குறை, லஞ்சம் என்று வழக்கமான பதில்கள் உண்டு. அவை பொய்யில்லை. எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொரு காரணம். மார்க்கெட் என்பது நகராட்சிக்குச் சுகாதார விஷயமாக இருந்ததைவிட வருமான விஷயமாக இருந்தது. கடை வாடகை, வண்டிக்கு இவ்வளவு, தலைச்சுமைக்கு இவ்வளவு, ஆட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம். அதைத் தானே வசூலிக்காமல் வருடத்துக்கு ஒரு முறை ஏலம் விட்டுக் குத்தகைக்காரரிடம் கொடுத்துவிடும் வழக்கம். கொங்கு நாட்டுச் சந்தைகளில் இன்றைக்கும் சுங்க ஏலம் என்றால் ஊரே பேசும். ஏலம் எடுத்தவருக்குச் சந்தைக்குள் வரும் ஒவ்வொரு ஆடும் காசு. சுகாதார ஆய்வாளரின் வேலையோ, சில ஆடுகளைத் திருப்பி அனுப்புவது. இரண்டு பேருக்கும் மேலே ஒரே அலுவலகம். ஏலத்தொகை குறைந்தால் கவுன்சிலில் கேள்வி வரும். எத்தனை ஆட்டைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று யார் கேட்பார்கள்?

இப்போது சத்தி ரோட்டுக்கு வருவோம். அன்னூர் தாண்டி, இதே சாலையில்தான் புஞ்சை புளியம்பட்டி இருக்கிறது. அங்கே புதன், வியாழனில் கூடும் கால்நடைச் சந்தையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லாரி வராத காலத்தில் ஆடுமாடுகள் சாலையோரமாக நடந்துதான் வரும். கோவையில் மாநகராட்சியின் அறுவைமனைகளில் ஒன்று உக்கடத்தில். இன்னொன்று சத்தி ரோட்டிலேயே. ஆக, சந்தையும் அறுவைமனையும் ஒரே சாலையில். இடையில் நம் ஊர்.

இடையில் இருந்தது என்றால், கோட்டுக்கு வெளியே இருந்தது என்று பொருள். நகராட்சி எல்லை எங்கே முடிந்ததோ அங்கே அந்தச் சட்டத்தின் கண்ணும் முடிந்தது. சரவணம்பட்டி 2011 வரை தனிப் பேரூராட்சி. அதற்கு முன்பு கிராமம். ஊராட்சிகளுக்கும் சந்தை நடத்தவும் அறுவைமனை வைக்கவும் சட்டத்தில் இடம் இருந்தது. அதிகாரம் தாளில் இருப்பது வேறு, காலை ஐந்து மணிக்கு மருத்துவர் ஒருவர் வந்து நிற்பது வேறு.

அதற்காகக் கிராமத்தில் சோதனையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வேறு மாதிரி இருந்தது. கிராமத்தில் கறிக்கடை என்பதே அபூர்வம். நோம்பிக்கோ, ஞாயிற்றுக்கிழமையோ நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு ஆட்டைப் பேசி, அறுத்து, கூறு போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அந்த ஆடு யார் பட்டியில் வளர்ந்தது, என்ன தின்றது, முந்தின வாரம் சோர்ந்து படுத்ததா என்று எல்லோருக்கும் தெரியும். வாங்குகிறவரே உயிரோடு பார்த்துவிடுகிறார். மருத்துவர் செய்யும் முதல் பார்வை இதுதான். இரண்டாவது பார்வைதான் கிடையாது.

அந்தப் பழைய முறையை ரொம்பவும் புகழ்ந்துவிடவும் கூடாது. அடைப்பான் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நோயில் செத்த மாட்டை அறுக்கவே கூடாது. உடலைத் திறந்து காற்றுப் பட்டால், கிருமி கடினமான விதை போன்ற வடிவம் எடுத்துக்கொண்டு மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். பிறகு அதே காட்டில் மேயும் மாட்டுக்கு வரும். ஆகவே அடைப்பானுக்கு, அறுத்த பிறகு பார்ப்பது என்பது காலம் கடந்த வேலை. உயிரோடு இருக்கும்போதே பிடிக்க வேண்டும். ஊரில் செத்த மாட்டைத் தூக்கி, தோல் உரித்து அப்புறப்படுத்தும் வேலை எந்தச் சனங்கள் தலையில் கட்டப்பட்டது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அந்த நோயின் ஆபத்தும் அவர்களோடுதான் போனது. கூறு போட்டுக் கறி தின்ற குடும்பங்களின் அனுபவ அறிவு அங்கே துணைக்குப் போகவில்லை.

மருத்துவர் வேறு என்ன பார்க்கிறார் என்றும் சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருக்கும்போது: நடை, கண், மூக்கில் ஒழுக்கு, வாயில் புண், காய்ச்சல், சினையா இல்லையா. அறுத்த பிறகு: ஈரலில் தட்டைப்புழு, நுரையீரலிலும் ஈரலிலும் நீர்க்கட்டி, காசநோயின் கட்டிகள், நெறிக்கட்டிகளில் வீக்கம். நீர்க்கட்டி இருக்கும் ஈரலைக் கழித்து நாய்க்குப் போடுவது நம் ஊர் வழக்கம். கெடுதலில் அதுவே பெரிய கெடுதல். அந்தப் புழு நாயின் குடலில்தான் வளர்ந்து முட்டையிடுகிறது. நாயிடமிருந்து நமக்கும் ஆட்டுக்கும் வருகிறது. காலி மனையில் கொட்டும் கழிவு நாற்றத்துக்காக மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை என்பது இதனால்தான்.

கோவைக்காரர்களுக்குச் சந்தையைப் பற்றிப் பயம் வந்தது கறியால் அல்ல, எலியால். 20-ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் பிளேக் இந்த ஊரை மீண்டும் மீண்டும் தாக்கியது. நகரத்தில் இன்றும் பல இடங்களில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருப்பது அந்தக் காலத்தின் நினைவு. எலித்தெள்ளு வழியாகத்தான் பிளேக் பரவுகிறது என்பது 1905-க்குப் பிறகு பம்பாயில் நடந்த ஆராய்ச்சியில் உறுதியானது. அதோடு, தானிய மூட்டை அடுக்கிய மண்டி என்பது வெறும் வியாபார இடமாக இல்லாமல் ஊர் உயிரோடு சம்பந்தப்பட்ட இடமாக மாறியது. நெருக்கமான பழைய தெருக்களை விட்டு வெளியே போய் விசாலமாக வீடு கட்ட வேண்டும் என்ற எண்ணமும் அப்போது பலப்பட்டது. நகராட்சித் தலைவர் சி.எஸ். ரத்தினசபாபதி முதலியார் பெயரில் ஆர்.எஸ். புரம் உருவான பின்னணி அதுதான். சிறுவாணித் தண்ணீருக்காக அவரை நினைக்கிறோம். அகலத் தெருவுக்காகவும் நினைக்கலாம்.

கறிக்கு அடுத்து, அல்லது கறிக்கும் முன்னால், மக்கள் தினமும் ஏமாந்தது பாலில். கலப்படத்தைத் தண்டிக்க 1860-ன் இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே இரண்டு பிரிவுகள் இருந்தன: ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம். பொருள் உடம்புக்குக் கெடுதல் செய்யும் என்று காட்டினால்தான் அது செல்லும். பாலில் தண்ணீர் ஊற்றினால் யாருக்கு என்ன கெடுதல்? வழக்கே நிற்காது. இதற்காகத்தான் சென்னை மாகாணம் 1918-ல் தனியாகக் கலப்படத் தடுப்புச் சட்டம் கொண்டு வந்தது. கிண்டியில் 1899-ல் தொடங்கிய கிங் நிறுவனம் பரிசோதனைச் சாலையாகப் பயன்பட்டது. மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனராக இருந்த கர்னல் கிங் பெயர்தான் அதற்கு.

பால்மானியை வைத்து ஆய்வாளர்கள் பால்காரர்களைப் பிடித்த கதை எல்லா ஊரிலும் உண்டு. பால்மானி என்ன செய்கிறது? பாலின் அடர்த்தியைக் காட்டுகிறது. தண்ணீர் ஊற்றினால் அடர்த்தி குறையும், மானி உள்ளே இறங்கும், மாட்டிக்கொள்வார். ஆனால் கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. ஆகவே ஏட்டை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி கூடும். முதலில் ஏட்டை எடு, பிறகு தண்ணீர் ஊற்று. ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும், மானி ஒன்றும் தெரியாத பிள்ளை போல நல்ல எண்ணிலேயே நிற்கும். இரண்டு திருட்டைச் சேர்த்துச் செய்தால் ஒன்றும் செய்யாத மாதிரி ஆகிவிடும் என்பதைப் பௌதிகம் படிக்காமலே நம் ஆட்கள் கண்டுபிடித்திருந்தார்கள்! கொழுப்பைத் தனியாக அளக்கும் பரிசோதனை பரவலான பிறகுதான் இதற்கு முடிவு வந்தது.

1939-ல் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் போட்டது. இந்தியாவில் அப்படி முழுமையாக வந்த முதல் சட்டம் அதுதான். நாடு முழுவதற்குமான உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் 1954-ல் வந்து, 1955 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆய்வாளர் கடையில் பொருளை எடுத்துக்கொண்டு போய்விட முடியாது. விலை கொடுத்து வாங்க வேண்டும். வாங்கியதை மூன்று பங்காக்கி, மூன்றையும் கடைக்காரர் கண்முன் சீல் வைக்க வேண்டும். ஒன்று பகுப்பாய்வாளருக்கு. மற்ற இரண்டும் உள்ளூர் சுகாதார அதிகாரியிடம் இருக்கும். முடிவு தவறு என்று கடைக்காரர் நினைத்தால் அதில் ஒன்றை மத்திய பரிசோதனைச் சாலைக்கு அனுப்பச் சொல்லலாம். வியாபாரிக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்று யோசித்து எழுதிய முறை. பால் சாம்பிள் வழியில் திரிந்துவிடாமல் இருக்க அதில் ஃபார்மலின் சில சொட்டு விட வேண்டும் என்றும் விதி. மீனில் ஃபார்மலின் என்று 2018-ல் நாம் எல்லோரும் பதறினோமே, அதே ஃபார்மலின்தான். மீன்காரர்களுக்கு அந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை.

அந்தச் சட்டம் வந்த மூன்றாம் வருடமே, 1958-ல், கேரளத்தில் பெரிய துயரம் நடந்தது. பம்பாயிலிருந்து கொச்சிக்கு வந்த கப்பலில் கோதுமை மாவு மூட்டைகளோடு ஃபாலிடால் என்ற பூச்சிமருந்தையும் ஏற்றியிருந்தார்கள். மருந்து கசிந்து மாவில் கலந்துவிட்டது. அதைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். யாரும் வேண்டுமென்று கலப்படம் செய்யவில்லை. கடைக்காரர் திருடர் இல்லை, மாவு பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கடையில் நின்று பார்க்கும் எந்த ஆய்வாளரும் அதைப் பிடித்திருக்க முடியாது. பூச்சிமருந்துகளுக்கென்று 1968-ல் தனிச் சட்டம் வந்ததற்கு இந்தச் சாவுகள் ஒரு காரணம். பொருள் எந்த வழியாக வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற பாடத்தை நாடு அப்படித்தான் படித்தது.

2011 நமக்கு முக்கியமான வருடம். அந்த ஆண்டில் இரண்டு கோடுகள் இடம் மாறின. ஒன்று, மாநகராட்சி எல்லை விரிந்து துடியலூர், சின்னவேடம்பட்டி, காளப்பட்டி ஆகியவற்றோடு சரவணம்பட்டியும் கோவைக்குள் வந்தது. ஒருவழியாக நாம் கோட்டுக்கு உள்ளே. இன்னொன்று, 2006-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 1954 சட்டம் போனது. அதுவரை உள்ளாட்சியின் சுகாதார ஆய்வாளரே உணவு ஆய்வாளராகவும் இருந்தார்; இனி உணவைப் பார்ப்பது மாநில அரசின் தனித் துறை. நாம் மாநகராட்சிக்குள் நுழைந்த அதே சமயத்தில் உணவு அதன் கையை விட்டு வெளியே போனது. சரியான நேரத்தில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறோம் என்று சிரித்துக்கொள்ளலாம்.

அதனால்தான் இன்று நான்கு துறை. கடை உரிமம், கழிவு, அறுவைமனைக் கட்டடம் எல்லாம் மாநகராட்சி. கறி உண்ணத் தகுந்ததா என்பது உணவுப் பாதுகாப்புத் துறை. ஆட்டுக்கு நோய் உண்டா என்பது கால்நடை மருத்துவர். தராசு சரியா என்பது தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர். காலி மனை மூட்டையைப் பற்றி உணவுப் பாதுகாப்புத் துறைக்கு எழுதினால் மாநகராட்சிக்குப் போகச் சொல்வார்கள். கறி நாறுகிறது என்று மாநகராட்சிக்கு எழுதினால் மறுபக்கம் கை காட்டுவார்கள். இரண்டும் விதிப்படி சரி.

அறுவைமனைக்கு 2001-ல் மத்திய அரசு விதிகள் வந்தன. அங்கீகரித்த அறுவைமனைக்கு வெளியே அறுக்கக் கூடாது என்று மறுபடியும் சொன்னார்கள். அர்த்தசாஸ்திரத்திலிருந்து இது எத்தனையாவது தடவை என்று எண்ணிக்கொள்ளுங்கள். சினை ஆட்டையும் மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியையும் அறுக்கக் கூடாது. ஒரு மருத்துவர் மணிக்கு 12 மிருகங்களுக்கு மேல், நாளைக்கு 96-க்கு மேல் பார்க்கக் கூடாது. அதாவது ஒன்றுக்கு ஐந்து நிமிடம். நல்ல விதி. ஆனால் தீபாவளிக்கு முந்தின நாள் விடியற்காலையில் கோவைக்கு எத்தனை ஆடு வேண்டும், அதற்கு ஐந்து நிமிடக் கணக்கில் எத்தனை மருத்துவர் வேண்டும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. இத்தனை சட்டமும் ஆட்டையும் மாட்டையும் நினைத்து எழுதியது. நாம் இன்று அதிகம் தின்பது பிராய்லர் கோழி. பல்லடத்தில் தினமும் விலை நிர்ணயமாகி, பண்ணையிலிருந்து கூண்டு வண்டியில் வந்து, கடையில் நம் கண்முன்னாலேயே அறுபடுகிறது. அறுவைமனைப் பக்கமே போவதில்லை, முத்திரைக்கும் இடமில்லை. ஒரு நாளைக்கு 50 கோழி அல்லது 10 ஆடு வரை அறுக்கும் சிறு கடை, உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொண்டால் போதும். அதற்கு மேல் போனால் முறையான உரிமம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு உங்கள் கடையின் வரிசையை எண்ணிப் பார்த்தால் அது 50-க்குள் நிற்கிற கடையா என்று தெரிந்துவிடும். காலி மனைக்கு வரும் மூட்டை அந்த எண்ணிக்கையிலிருந்துதான் வருகிறது.

கடைக்காரர்களைக் குற்றவாளியாக்க நான் எழுதவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அறுவைமனைக்கு ஆட்டைக் கொண்டுபோய், கட்டணம் கட்டி, முத்திரை வாங்கி வருகிறவரும் நம் சாலையில் இருக்கலாம். அவருக்கும் கடைக்குப் பின்னால் அறுத்துத் தொங்கவிடுகிறவருக்கும் நாம் கொடுப்பது ஒரே விலை. முத்திரை எங்கேங்க என்று நாம் கேட்காதவரை அவர் செலவழித்த நேரத்துக்கும் காசுக்கும் எந்தப் பலனும் இல்லை.

நம் சங்கம் இந்த மாதம் இரண்டு மனு தயாரித்துக்கொண்டிருக்கிறது. கழிவுக்காக மாநகராட்சிக்கு ஒன்று, கடைகளின் பதிவுக்காக உணவுப் பாதுகாப்புத் துறைக்கு ஒன்று. மனுவில் விவரம் இருந்தால்தான் பதில் வரும். ஆகவே அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, நீங்கள் வாங்கும் கறிக்கடையில் மாட்டியிருக்கும் 14 இலக்கப் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். ஆட்டுக்கறி என்றால் முத்திரையை எந்தக் கிழமையில் பார்த்தீர்கள் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். எண்ணும் இல்லை, முத்திரையும் இல்லை என்றால் அதையும் அப்படியே எழுதிக் கொண்டு வாருங்கள். செயலாளரிடம் கொடுத்தால் போதும்.